சட்டத்தை உரியவரிடம் கொண்டுபோனவர்

(வியாசர்பாடியில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் கூடும் படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியர் அவர்களே, இந்தப் படிப்பகத்தைக் கைக்காசு போட்டு நடத்தும் தம்பிகளே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தேர்வுக்குப் படிக்கும் தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஒரு பெரிய ஐ.ஏ.எஸ். அதிகாரியைப் பற்றிப் பேசுங்கள் ஐயா, பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும்" என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். கலெக்டர்கள் பலரிடம் கோப்பு தூக்கியிருக்கிறேன். ஆனால் இன்றைக்குப் பேசப்போவது நான் வேலை பார்த்த எவரைப் பற்றியும் அல்ல. எஸ்.ஆர். சங்கரன் என்ற தமிழரைப் பற்றி. ஆந்திராவில் அவர் பெயரைச் சொன்னால் கிராமத்துப் பெரியவர்கள் எழுந்து நிற்பார்கள். தமிழ்நாட்டில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. வடசென்னையில் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஏனென்றால் அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த வேலை நம் தெருக்களைப் பற்றிய வேலை.

முதலில் பதவிகளைச் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்குப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ள வசதியாக இருக்கும். 1934ல் பிறந்தார். ஐம்பதுகளின் பின்பகுதியில் ஐ.ஏ.எஸ். ஆகி ஆந்திரப் பிரதேசத்துக்கு ஒதுக்கப்பட்டார். நெல்லூரில் கலெக்டராக இருந்தார். டெல்லியில் மத்திய அமைச்சர் ஒருவருக்குச் சிறப்பு உதவியாளர், ஆந்திராவில் சமூக நலத் துறைச் செயலர், திரிபுராவில் தலைமைச் செயலர், கடைசியில் மத்திய ஊரக வளர்ச்சித் துறைச் செயலர். 1992ல் ஓய்வு பெற்றார். 2010 அக்டோபர் 7 அன்று ஹைதராபாத்தில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்திலும் பிறகு ஓய்வூதியத்திலும் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போனது.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது. இதே பதவிகளில் இருந்து, இதே காரில் போய், ஒன்றும் செய்யாமல் ஓய்வு பெற்றவர்களும் உண்டு.

எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மோகன் குமாரமங்கலம் மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சராக இருந்தார். அவருக்குச் சிறப்பு உதவியாளர் சங்கரன். அந்தக் காலத்தில்தான் நிலக்கரிச் சுரங்கங்கள் தனியாரிடமிருந்து அரசின் கைக்கு வந்தன. எஃகு ஆலைகளுக்கான கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்கள் 1971ல் தொடங்கி, மற்ற சுரங்கங்கள் 1973ல். குமாரமங்கலம் அதே 1973 மே மாதம் டெல்லி விமான விபத்தில் இறந்துபோனார்.

நிலக்கரி நமக்குத் தெரியாததா? சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்கிய காலத்தில், ராயபுரத்திலும் காசிமேட்டிலும் காலையில் வெளுத்துக் காயப்போட்ட வேட்டியை மாலையில் எடுத்து உதறினால் கை கறுத்துவிடும். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2011ல்தான் கரி இறக்கும் வேலை எண்ணூர்ப் பக்கம் போனது. இன்றைக்கு அந்தத் தூசியை எண்ணூர் மக்கள் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டு விளக்கு எரிய அந்தக் கரியை பூமிக்கு அடியில் வெட்டியவன் கூலி கிடைக்காமல், கூரை இடிந்து விழுந்தால் கேட்க நாதியில்லாமல் கிடந்தான். அவனை அரசுத் தொழிலாளி ஆக்கிய வேலையில் பின்னால் உட்கார்ந்து எழுதியவர்களில் ஒருவர் சங்கரன்.

அப்புறம் அவர் ஆந்திராவுக்குத் திரும்பி சமூக நலத் துறைக்கு வந்தார். பெரும்பாலான அதிகாரிகளுக்கு அது தண்டனைத் துறை. தொழில், நிதி, உள்துறை என்று கேட்டு வாங்குவார்கள். சமூக நலம் என்றால் முகம் சுளிப்பார்கள். சங்கரன் அதை விரும்பி ஏற்றார்.

இங்கே கொஞ்சம் சட்டம் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1975 அக்டோபரில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் வந்தது. 1976 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை முழுச் சட்டமாக்கியது. அவசர நிலை நடந்துகொண்டிருந்த நேரம். பத்திரிகையின் வாயைக் கட்டிய அதே அரசு கொண்டுவந்த சட்டம் இது. ஆனால் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் அசந்துபோவீர்கள். இந்தச் சட்டம் அமலுக்கு வந்த நொடியிலேயே நாட்டில் உள்ள ஒவ்வொரு கொத்தடிமையும் விடுதலை. யாரும் ஆணை போட வேண்டியதில்லை. அவன் வாங்கிய கடன் அந்த நொடியில் அழிந்துபோனது. கடனுக்காகப் பிடித்து வைத்த நிலம், வீடு, மாடு எல்லாம் திரும்பத் தரப்பட வேண்டும். மீறி வேலை வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். இன்னொரு பிரிவைத் தங்கைகள் கவனியுங்கள், 15ஆம் பிரிவு. ஒருவன் "இது கொத்தடிமைக் கடன்" என்று சொல்லிவிட்டால், "இல்லை" என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது. இதையெல்லாம் நிறைவேற்றும் பொறுப்பு மாவட்ட ஆட்சியர் தலையில்.

இவ்வளவு பலமான சட்டம் யார் கையில் இருந்தது? அலுவலக அலமாரியில் இருந்தது. யாருக்காக எழுதினார்களோ, அவனுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளை பண்ணையார் வீட்டில் இருந்தார். கிராம அதிகாரி பண்ணையாருக்குச் சொந்தக்காரர்.

சங்கரன் செய்தது கேட்பதற்குச் சின்ன வேலை. அவர் கிராமங்களுக்குப் போனார். சேரிக்குள் போய் உட்கார்ந்தார். "நீங்கள் விடுதலையாகிவிட்டீர்கள். கடன் இல்லை. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியதில்லை. போனால் கூலி கேளுங்கள்" என்று நேருக்கு நேர் சொன்னார். ஒரு துறையின் செயலர், தலைமைச் செயலகத்தில் நாற்காலியில் இருக்க வேண்டியவர், சுற்றறிக்கை அனுப்பிவிட்டுக் கைகழுவியிருக்கலாம். சுற்றறிக்கை கலெக்டருக்குப் போய், அங்கிருந்து தாசில்தாருக்குப் போய், தாசில்தார் அலுவலகத்தில் நான் இருந்த மாதிரி ஒரு மேசையில் படுத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் தானே போனார்.

போனதன் விளைவு என்ன? ஒரு அதிகாரி நேரடியாக மக்களிடம் போய் உன் உரிமை இது என்று சொன்னால், முதலில் கோபம் வருவது நிலக்காரருக்கு. அடுத்தது அவருடைய வாக்கை நம்பி இருக்கும் அரசியல்வாதிக்கு. புதிதாக வந்த ஆட்சியின் மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. சங்கரன் அந்தத் துறையை விட்டே போக நேர்ந்தது. அவர் சட்டத்தை மீறவில்லை. தன் அரசு போட்ட சட்டத்தைத்தான் சொன்னார். அதற்குத்தான் அந்த விலை.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தச் சட்டத்தின் பலம் என்ன என்று நானே ஒரு தடவை பார்த்தேன். ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தபோது, செங்குன்றம் பக்கம் ஓர் அரிசி ஆலையிலிருந்து இருளர் பழங்குடிக் குடும்பங்களை மீட்டுக் கூட்டி வந்தார்கள். நம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் தூரம். ராத்திரி நெல் அவித்து, விடிவதற்குள் களத்தில் கொட்டி, பகல் முழுக்கக் காலால் கிண்டிக் கிண்டிக் காயவைக்கும் வேலை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் பாதத்தைப் பார்த்தேன். குதிகால் முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள் நெல் உமி சிக்கி, அதன்மேலேயே தோல் மூடியிருந்தது. ஊருக்குச் சாவுக்குப் போகக்கூட விடவில்லை என்றாள். போனால் ஒரு பிள்ளையை ஆலையில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

விசாரணை முடிந்து விடுதலைச் சான்று எழுதினோம். ஒரே ஒரு தாள். பெயர், தகப்பன் பெயர், ஊர், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விடுவிக்கப்படுகிறார், அவருடைய கடன் அழிந்தது என்ற வாசகம், கோட்டாட்சியர் கையெழுத்து, முத்திரை. அந்தப் பெண்ணின் கணவர் கைநாட்டு வைத்தார். கோட்டாட்சியர் எழுந்து வந்து, அவர் பக்கத்தில் நின்று, தாளில் இருந்ததை வரி வரியாகப் படித்துக் காட்டினார். அந்த மனிதர் கேட்டார்: "அப்ப அந்த முன்பணம்?" "இல்லை, போச்சு" என்றார் கோட்டாட்சியர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்: "சார், அந்தப் பணம்?" மறுபடி சொன்னார். வண்டியில் ஏறும்போதும் என்னிடம் அதையே கேட்டார். சட்டம் வந்தபோது அந்த மனிதர் பிறந்தேகூட இருக்கமாட்டார். கடனோடு சேர்ந்து அவர் தகப்பனாரிடமிருந்து வந்த அடிமைத்தனம், சட்டப்படி தகப்பனார் காலத்திலேயே முடிந்துபோன ஒன்று. சொல்லத்தான் யாரும் வரவில்லை.

இன்றைக்கு மறுவாழ்வுக்கு 2016ல் திருத்திய மத்திய திட்டம் இருக்கிறது. ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். பணத்துக்கு முன்னால் வர வேண்டியது அந்த ஒரு தாள். நீங்கள் நாளைக்கு கோட்டாட்சியராகவோ சப் கலெக்டராகவோ உட்காரும்போது, அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீரையும் இங்கே சொல்லாமல் போகக் கூடாது. வெள்ளைக்காரர். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பொன்னேரியும் சேர்த்தி. இங்கே பலருடைய பாட்டன் பூட்டன் அந்த ஊர்களிலிருந்து மில்லுக்கும் துறைமுகத்துக்கும் வந்தவர்கள்தான். ஒடுக்கப்பட்ட மக்கள் எப்படி நிலமில்லாமல் ஆக்கப்பட்டார்கள் என்று அவர் எழுதி அனுப்பிய அறிக்கையின் மீதுதான் 1892ல் பஞ்சமி நிலத்துக்கான, அதாவது அந்த மக்களுக்கென்றே நிலம் ஒதுக்கும், அரசாணை வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அறிக்கை எழுதுவது பாதி வேலை. எழுதியதை அந்த மனிதனின் கையில் சேர்ப்பதும், சேர்ந்தது பறிபோகாமல் காப்பதும் மீதிப் பாதி. சங்கரனின் வாழ்க்கை அந்த மீதிப் பாதியில் கழிந்தது.

ஆந்திராவை விட்டுப் போனவரைத் திரிபுரா கூப்பிட்டுக்கொண்டது. முதலமைச்சர் நிருபென் சக்கரவர்த்தி, கம்யூனிஸ்ட், அவரும் திருமணம் செய்துகொள்ளாதவர். 1988ல் பதவி போனபோது இரண்டு தகரப் பெட்டியோடு முதலமைச்சர் வீட்டைக் காலி செய்தவர். அப்படிப்பட்டவருக்கு இப்படிப்பட்ட தலைமைச் செயலர். பிரிவினைக்குப் பிறகு வந்த மக்கள் பெருக்கத்தால் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாகிப்போன பழங்குடிகளின் மாநிலம் அது. பழங்குடிப் பகுதிகளை அவர்களே நிர்வகிப்பதற்கான தன்னாட்சி மாவட்டக் குழுவுக்கான சட்டம் 1979ல் வந்து, 1982 தொடக்கத்தில் குழு வேலையை ஆரம்பித்தது. அந்த ஆண்டுகளில் நிர்வாகத்தை நடத்தியவர் சங்கரன். முதலமைச்சரும் தலைமைச் செயலரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பது ஒரு அதிகாரியின் வாழ்க்கையில் அபூர்வமாகக் கிடைக்கும் பாக்கியம்.

மறுபடியும் ஆந்திரா. 1987 டிசம்பரில் ஒரு சம்பவம். கிழக்கு கோதாவரி மாவட்டத்து மலைக்காட்டில், குர்த்தேடு அருகே, பழங்குடி நலப் பணிக்காகப் போயிருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சிலரை மக்கள் யுத்தக் குழு என்ற நக்சல் ஆயுதக் குழுவினர் கடத்திக்கொண்டு போனார்கள். சங்கரனும் அதில் ஒருவர். சிறையில் இருந்த தங்கள் ஆட்களை விடுவிக்கச் சொன்னார்கள், அரசு விடுவித்தது, அதிகாரிகள் திரும்பி வந்தார்கள்.

துப்பாக்கி முனையில் பிடித்து வைக்கப்பட்ட ஒருவர் என்ன செய்திருக்கலாம்? வாழ்நாள் முழுக்க அந்தக் கோபத்தைச் சுமந்திருக்கலாம். சங்கரன் பத்து ஆண்டு கழித்து, 1997ல், ஹைதராபாத்தில் அக்கறையுள்ள குடிமக்கள் குழு என்று ஒன்றைக் கூட்டினார். மனித உரிமை வழக்கறிஞர் கே.ஜி. கண்ணபிரான் அதில் இருந்தார். போலி மோதல் கொலை செய்யும் போலீசையும் கேட்டார்கள், ஆளைச் சுட்டுக் கொல்லும் இயக்கத்தையும் கேட்டார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார்கள். கிராமம் கிராமமாகப் போய், செத்தவர் வீட்டில், போலீஸ்காரர் வீடானாலும் இயக்கத்து இளைஞர் வீடானாலும், உட்கார்ந்து கேட்டார்கள். 2004 அக்டோபரில் அரசும் ஆயுதக் குழுக்களும் ஹைதராபாத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தது இந்த நீண்ட உழைப்பால்தான். பேச்சு நீடிக்கவில்லை. சில மாதத்தில் முறிந்து மறுபடி ரத்தம் ஓடியது. ஆனாலும், தன்னைக் கடத்தியவர்களோடு பேச வேண்டும் என்று அரசிடம் வாதாடிய மனிதரை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

இனி விடுதிகளுக்கு வருகிறேன். இங்கே ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவர்கள் கை தூக்குங்கள். சரி, நிறையப் பேர் இருக்கிறீர்கள். புளித்த சாம்பாரும், கதவில்லாத குளியலறையும், மழைக்கு ஒழுகும் கூரையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திராவில் சமூக நல விடுதிகளும் உறைவிடப் பள்ளிகளும் பெருகி வலுப்பெற்றதற்கு முக்கியக் காரணம் சங்கரன் என்று அங்கே படித்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். விடுதிக்குப் போனால் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவாராம். செயலர் எந்த நாளும் வந்து இலையில் உட்காரலாம் என்றால் சமையல்கட்டு தானாகச் சுத்தமாகிவிடும்.

அந்த உறைவிடப் பள்ளிகளின் வரிசையில் படித்த ஒரு பெண் பிள்ளையின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்: மாலாவத் பூர்ணா. நிஜாமாபாத் மாவட்டத்துப் பழங்குடிக் கூலிக் குடும்பம். 2014 மே 25 அன்று, 13 வயதில், எவரெஸ்ட் உச்சியில் ஏறி நின்றாள். கூடவே ஆனந்த் குமார் என்ற தலித் மாணவனும் ஏறினான். சங்கரன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவர் எடுத்த வேலைக்கு வருகிறேன். இதற்காகத்தான் நான் இந்த மேடைக்கு ஒத்துக்கொண்டேன். மலத்தைக் கையால் அள்ளும் தொழிலை ஒழிக்கும் வேலை.

உலர் கழிப்பிடம், அதாவது தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் ஆள் வைத்து அள்ள வேண்டிய கழிப்பிடம், கட்டுவதையும், மனிதரை வைத்து மலம் அள்ளுவதையும் தடை செய்யும் சட்டம் 1993ல் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1997 ஜனவரியில். நடுவில் அந்த ஆண்டுகள் எதற்கு என்று யாரும் விளக்கம் சொன்னதில்லை. கோலார் தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன் என்ற இளைஞர் தொண்ணூறுகளில் இந்தக் கொடுமைக்கு எதிராகக் கிளம்பியிருந்தார். அவரோடு சேர்ந்து சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தைக் கட்டி எழுப்பியவர் சங்கரன். மத்திய அரசின் செயலராக இருந்தவர். விரும்பியிருந்தால் ஏதாவது வாரியத்துக்குத் தலைவராகி, வீடும் காரும் வாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் இந்தத் தொழிலாளர்களின் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார்.

அதிகாரி ஒருவர் இயக்கத்துக்குக் கொண்டுபோனது என்ன? பேச்சா? இல்லை. கோப்பு எப்படி நகரும் என்ற அறிவு. "எங்கள் மாநிலத்தில் உலர் கழிப்பிடமே இல்லை" என்று அரசுகள் பிரமாணப் பத்திரம் போட்டால், அதை எப்படி உடைப்பது? ஒவ்வொரு கழிப்பிடத்தையும் போட்டோ எடு, இடம் எழுது, அள்ளுகிறவர் பெயர் எழுது, நீதிமன்றத்தில் கொடு. 2003ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார்கள். இல்லை என்று சொன்ன அரசுகளின் முன்னால் ஆதாரம் குவிந்தது. வழக்கு நடக்கும்போதே 2013ல் புதிய, விரிவான சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது: 1993 முதல் பாதாள சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், குடும்பங்களைக் கண்டுபிடிக்க வேண்டியது அரசின் கடமை. வில்சனுக்கு 2016ல் மகசேசே விருது கிடைத்தது. சங்கரன் இதில் எதையும் பார்க்கவில்லை. 2010 அக்டோபரில், நாட்டின் பல முனைகளிலிருந்து பேருந்துகளில் கிளம்பிய தொழிலாளர்கள் டெல்லியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அவர் இறந்துபோனார். நவம்பர் 1 அன்று அவர்கள் டெல்லி போய்ச் சேர்ந்தார்கள்.

இடையில் இன்னொரு வேலையும் பார்த்தார். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் இரண்டு ஆணையர்களை நியமித்தது. என்.சி. சக்சேனா ஒருவர், சங்கரன் இன்னொருவர். எல்லா மாநிலங்களிலும் அரசுப் பள்ளியில் சமைத்த மதிய உணவு போட வேண்டும் என்ற 2001ஆம் ஆண்டு உத்தரவு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும் அந்தப் பொறுப்பில் சேர்த்தி. பள்ளியில் சோறு போடும் அந்த யோசனைக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. கொருக்குப்பேட்டையில் பிறந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920ல், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கினார். அவர் பெயரில் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் கல்லூரியில்தான் இன்றைக்கு அரசின் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடக்கிறது. உங்களில் சிலர் அங்கே போய்வருகிறீர்கள்.

2005ல் சங்கரனுக்குப் பத்ம பூஷண் அறிவித்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவரைத் தனி ஒருவராகவும் நினைக்க வேண்டாம். அதே ஆந்திர ஐ.ஏ.எஸ். பிரிவில் பி.எஸ். கிருஷ்ணன் இருந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல் வந்ததிலும், 1990ல் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு தரும் மண்டல் குழுப் பரிந்துரை அமலானதிலும் அவருடைய உழைப்பு பெரிது. எந்தப் பக்கம் நிற்பது என்று பணியில் சேர்ந்த முதல் நாளே முடிவு செய்துவிட்டவர்கள் இவர்கள். நீங்களும் இப்போதே முடிவு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். தேர்வில் வென்ற பிறகு மாலையும் போஸ்டரும் வரும். நம் தெருவிலேயே பிளெக்ஸ் வைப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது.

நேர்முகத் தேர்வில் "ஏன் கலெக்டர் ஆக விரும்புகிறாய்" என்று கேட்டால் எல்லோரும் மக்கள் சேவை என்பார்கள். நீங்கள் வடசென்னைப் பிள்ளைகள். உங்களிடம் அதைவிடத் துல்லியமான பதில் இருக்கிறது. கொடுங்கையூர்க் குப்பை மேட்டுப் புகையில் இருமிக்கொண்டு படித்தவர்கள் நீங்கள். உங்கள் அம்மா விடியற்காலை 5 மணிக்குத் துடைப்பத்தோடு கிளம்பியதைப் பார்த்தவர்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போனபோது, 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகைக்கு வெளியே நாள் கணக்கில் உட்கார்ந்திருந்த தாய்மார்களில் சிலர் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் அந்தத் தாய்மார்களின் கைக்கு வந்து சேர்ந்தனவா என்ற கேள்வி உங்களுக்குப் பாடப்புத்தகக் கேள்வி இல்லை.

பேச்சை முடிக்கும் முன் ஒரு வேலை சொல்கிறேன், இன்றைக்கே செய்யக்கூடிய வேலை. நாடாளுமன்றத்தில் அரசு வைத்த கணக்குகளிலேயே சாக்கடைச் சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. நம் பகுதியில் மேன்ஹோலில் இறங்கி வராமல் போனவர்களை நமக்குத் தெரியும். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பில் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. ஊனமாகிப்போனவர்களுக்கும் 10 லட்சம், 20 லட்சம் என்று நிர்ணயித்தது. இதுவரை பணமே வராத குடும்பத்துக்கும் அந்த 30 லட்சம் உண்டு என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. வேலைக்கு வைத்தவர் தனியார் வீட்டுக்காரராகவோ ஒப்பந்தக்காரராகவோ இருந்தாலும் அரசு பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

1993க்குப் பிறகு அப்படி யாராவது இறந்து, இழப்பீடு வராத குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இறப்புச் சான்றிதழ், போலீஸ் முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ். இந்த நான்கில் எது கையில் இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள். இல்லாததை எந்த அலுவலகத்தில் கேட்டு வாங்குவது என்று நான் சொல்கிறேன். தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் இரண்டு பேர் என்னோடு உட்கார்ந்தால் மனுவை இங்கேயே எழுதிவிடலாம்; அடுத்த திங்கட்கிழமை ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் கலெக்டரின் குறைதீர் கூட்டம் இருக்கிறது. நானும் கூட வருகிறேன். நன்றி.